ஊசி எப்போது ஏறுகிறது? டிரெய்லர் இழுக்கும் பக்கியில் இன்ஜின் சூட்டைப் புரிந்துகொள்ள

போன ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை அக்கா மகன் போன் செய்தான். தென் ஆப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்து டோங்காட்டிலிருந்து, ஜோகனஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டவன். பக்கிக்கு, அதாவது பிக்கப் வண்டிக்கு, பின்னால் டிரெய்லர். அதில் அண்டா, குத்துவிளக்கு, நாற்காலிகள், எல்லாவற்றுக்கும் மேலே பந்தலில் கட்ட வெட்டிய வாழை மரங்கள்.

"மாமா, மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் மேடு ஏறும்போது சூடு காட்டும் ஊசி மேலே போய்விட்டது. சிவப்பு விளக்கும் ஒருமுறை எரிந்து அணைந்தது. இப்போது ஹில்டனில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருக்கிறேன். ஊசி பழையபடி நடுவில் இருக்கிறது. போகலாமா, திரும்பி வரட்டுமா?"

அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஏறியது?" என்பதல்ல. "எப்போது ஏறியது, எப்போது இறங்கியது?" என்றுதான் கேட்டேன். இன்ஜின் சூட்டைப் பற்றி இந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கோளாறும் தனக்கென ஒரு நேரத்தில்தான் வெளியே தெரியும். ரோபோவில் (சிக்னல் விளக்கில்) நிற்கும்போது ஏறும் சூட்டுக்குக் காரணம் வேறு, மேட்டில் ஏறும் சூட்டுக்குக் காரணம் வேறு, வண்டியை எடுத்த ஐந்தாவது நிமிடத்தில் ஏறும் சூட்டுக்குக் காரணம் வேறு. இது தெரியாமல்தான் ஆட்கள் முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம் வாட்டர் பம்ப், அப்புறம் ரேடியேட்டர் என்று வரிசையாக மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது

டீசலோ பெட்ரோலோ, எரியும்போது கிடைக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதிப் பங்கில் பெரும்பகுதி இன்ஜினின் இரும்பிலும் அலுமினியத்திலும் இறங்கி, அங்கிருந்து கூலன்டுக்கு, அதாவது இன்ஜினுக்குள் ஓடிக் குளிர்விக்கும் திரவத்துக்கு, போகிறது. அதாவது சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி போகிறதோ ஏறக்குறைய அதே அளவு சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ளியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கி 2 டன், டிரெய்லர் ஒன்றரை டன், மொத்தம் 3,500 கிலோ. இந்த எடை 400 மீட்டர் உயரத்தை எட்டு நிமிடத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 28 கிலோவாட் வேண்டும். வீட்டில் டீ போடும் கெட்டில் 2 கிலோவாட். பதினான்கு கெட்டில்கள் ஒரே நேரத்தில் எட்டு நிமிடம் கொதிப்பதற்குச் சமம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகவும் டயர் உருளவும் வேண்டிய சக்தியை இதில் சேர்க்கவில்லை. அதே பக்கி டிரெய்லர் இல்லாமல் சமதளத்தில் 60-ல் போனால் மொத்தமாகவே 10 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும்.

தினமும் வேலைக்குப் போய்வரும்போது ஊசி அசையாத வண்டி, டிரெய்லரை மாட்டியதும் சூடாவதன் காரணம் இதுதான். டிரெய்லர் பெரும்பாலும் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் சின்னக் குறையை வெளியே கொண்டுவந்து காட்டுகிறது. பாதி அடைத்த ரேடியேட்டருக்கு 10 கிலோவாட் பெரிய விஷயமில்லை, 40 கிலோவாட் என்றால் திணறிப்போகும்.

வேகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே மேட்டை 80-ல் ஏறாமல் 60-ல் ஏறினால் எடையைத் தூக்க வேண்டிய சக்தி கால் பங்கு குறையும், காற்றைத் தள்ளும் சக்தி பாதிக்கும் கீழே போய்விடும். வாழை மரம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லருக்கு இந்தக் காற்றுக் கணக்கு சாதாரணமானது அல்ல. அதோடு ஆகஸ்ட்டில் நம் பக்கம் வீசும் பெர்க் காற்று வேறு. உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும்போதே சூடாகிக்கொண்டு வரும் காற்று அது. டர்பனிலிருந்து மேலே போகிறவனுக்கு முகத்துக்கு நேராக அடிக்கும். குளிர்காலம் என்று நினைத்துக் கிளம்புகிறவன் 30 டிகிரிக்கு மேலான எதிர்க்காற்றில் மேடு ஏறுவான்.

சூட்டை வெளியே தள்ளும் சுற்று

வாட்டர் பம்ப் கூலன்டைத் தள்ளுகிறது. கூலன்ட் இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்ற கதவு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியிருக்கும், 82-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், இன்னும் சுமார் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறியதும் முழுதாகத் திறக்கும். திறந்தால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகளுக்கிடையே காற்று புகுந்து சூட்டை எடுத்துப்போகிறது. வண்டி வேகமாகப் போனால் காற்று தானாக வரும். மெதுவாகப் போனாலோ நின்றாலோ ஃபேன்தான் இழுக்க வேண்டும்.

இதில் பம்பு, ரேடியேட்டர், ஃபேன் எல்லாருக்கும் தெரியும். யாரும் கண்டுகொள்ளாத ஒரு பொருள் ரேடியேட்டர் மூடி. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பிரஷர் குக்கரில் வெயிட் என்ன செய்கிறதோ அதைத்தான் மூடி செய்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் முனையில் ஒரு ரப்பர் வளையம். கூலன்ட் சூடாகி விரியும்போது அந்த ஸ்பிரிங் எதிர்த்து அழுத்துவதால் உள்ளே அழுத்தம் சேர்கிறது. மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பார்கள், அது எத்தனை பார் அழுத்தம் வரை தாங்கும் என்பதன் அளவு. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். பாதி தண்ணீர் பாதி கூலன்ட் கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 1.1 பார் மூடிக்குக் கீழே 130 டிகிரியை நெருங்கிய பிறகுதான் கொதிக்கும். இந்த இருபது டிகிரிதான் மேடு ஏறும்போது நமக்கிருக்கும் இடைவெளி. ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் அந்த இடைவெளி போய்விடும்.

இதில் உயரமும் சேர்ந்துகொள்கிறது. லெனேசியாவில் இருக்கும் என் தங்கை குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைத்தால் நேரம் ஆகிறது என்று வந்த புதிதில் குறைப்படுவாள். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஜோகனஸ்பர்க் உயரத்தில் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்புக்குப் போதுமான சூடு கிடைப்பதில்லை. ரேடியேட்டருக்கும் அதே கதைதான். அங்கே காற்றும் கடற்கரையைவிடச் சுமார் 15 சதவீதம் மெலிந்தது, அதனால் அதே வேகத்தில் அதே ரேடியேட்டர் வழியாகப் போனாலும் குறைவான சூட்டைத்தான் எடுத்துப்போகும். பல வண்டிகளின் கையேட்டில் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் இழுக்கும் எடையில் 10 சதவீதம் குறைக்கச் சொல்லியிருப்பது இதையெல்லாம் வைத்துத்தான்.

சரி, இப்போது என் கதை. பல வருடத்துக்கு முன்னால் என்னிடம் இருந்த டீசல் பக்கி டர்பனைச் சுற்றி எவ்வளவு பாரம் இழுத்தாலும் சூடாகாது. சாட்ஸ்வொர்த்திலிருந்து கோயில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்வருவேன். ஆனால் மூயி ரிவர் தாண்டி மேலே போனால், குறிப்பாக வான் ரீனன் கணவாயில் ஏறினால், கொதித்துத் தள்ளிவிடும். அதே வண்டி, அதே டிரெய்லர், அதே எடை. முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினேன். போகவில்லை. வாட்டர் பம்ப் மாற்றினேன். போகவில்லை. ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், நானும் சரி என்று சொல்லியிருப்பேன். கிளம்பும் நேரத்தில் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் ஓரிடத்தில் தேய்ந்து, ஸ்பிரிங் தட்டின் விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்த கூலன்ட் கோடு. அந்த வழியாகத்தான் அழுத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கடல் மட்டத்தில் கூலன்ட் 107 வரை கொதிக்காமல் பொறுத்தது. 1,600 மீட்டருக்கு மேலே இருக்கும் வான் ரீனனில் 102 வந்ததுமே கொதித்துவிட்டது. புது மூடி போட்டேன், அதோடு தீர்ந்தது. மூடியின் விலை நான் அதுவரை செலவழித்ததில் ஒரு துளி.

இதில் நான் கவனித்திருக்க வேண்டியது "மேலே போனால் மட்டும்" என்பதைத்தான். அதிலேயே பதில் இருந்தது.

ஊசியை எவ்வளவு நம்பலாம்

டேஷ்போர்டில் இருக்கும் ஊசி தெர்மாமீட்டர் அல்ல. இப்போது வரும் பெரும்பாலான வண்டிகளில் சூடு 75 டிகிரி ஆனாலும் 105 டிகிரி ஆனாலும் ஊசி நடுவிலேயே நிற்கும்படிதான் செய்கிறார்கள். ஊசி சும்மா சும்மா ஆடினால் ஓட்டுகிறவர் பயப்படுவார் என்பதற்காக. சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு அது சரி. டிரெய்லர் இழுக்கிறவருக்கு அது ஆபத்து. ஊசி நகரத் தொடங்கிவிட்டது என்றால் சூடு ஏறி ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் இழுக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்று. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் என்று ஒன்று இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் ரீடர் ஒன்று வாங்கிப் போனோடு இணைத்துவிடுங்கள். கூலன்ட் சூடு எத்தனை டிகிரி என்று எண்ணாகவே காட்டும். வழக்கமாக 85-லிருந்து 100 வரை இருக்கும். பாரத்தோடு மேடு ஏறும்போது 105 வருவது பல வண்டிகளுக்குச் சகஜம். 110-ஐத் தொட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 115 தாண்டினால் நிறுத்த இடம் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கான எல்லையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். எண்ணைவிட முக்கியம் அது போகும் திசை. 104-ல் ஏறி அங்கேயே நின்றால் ரேடியேட்டர் சமாளிக்கிறது. 98, 101, 104, 107 என்று நிற்காமல் ஏறினால் சமாளிக்கவில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் ஊசி திடீரென்று குளிர்ப் பக்கம் விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். கூலன்ட் முழுதும் வெளியே போய், சென்சாரைச் சுற்றி ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். காற்றில் தொங்கும் சென்சார் குறைவாகத்தான் காட்டும். அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும்.

எப்போது ஏறுகிறது

டோல் கேட் வரிசையிலோ ரோபோவிலோ நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன் தன் வேலையைச் செய்யவில்லை. மின்சார ஃபேன் என்றால் ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று தேடலாம். கையை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள், இன்ஜின் அணைந்திருந்தாலும் இந்த ஃபேன் திடீரென்று சுற்றும். பெரிய டீசல் பக்கிகளில் இன்ஜின் முன்னால் விஸ்கஸ் கிளட்ச் வைத்த ஃபேன் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது கையால் சுற்றினால் லேசான எதிர்ப்போடு சுற்றும். சூடானதும் கிளட்ச் பிடித்துக்கொண்டு, மேடு ஏறும்போது ஊ என்று ஒரு இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் பழக்கமானது, இப்போது கேட்பதே இல்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. கையால் சுண்டிவிட்டால் பல சுற்று தாராளமாகச் சுற்றினாலும் அப்படித்தான். மெதுவாக மேடு ஏறும்போதும் இந்த ஃபேன்தான் காற்று இழுக்கிறது என்பதால், டிரெய்லர்காரருக்கு இது முக்கியமான பொருள்.

சமதளத்தில், ஒரே வேகத்தில், 100-க்குப் பக்கத்தில் போகும்போது மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபேனைக் குறை சொல்ல முடியாது, காற்று ஏராளமாக வருகிறது. கூலன்ட் ஓட்டத்தில்தான் குறை. ரேடியேட்டர் உள்ளே துருவாலும் உப்பாலும் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பெல்ட் வழுக்கலாம், கீழ் ஹோஸ் பம்பின் இழுப்பில் ஒட்டிப்போகலாம். கூலன்டே குறைந்திருக்கலாம்.

காலையில் எடுத்துப் பத்து நிமிடத்துக்குள், பாரம் இல்லாமலே ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது சுற்றில் காற்று அடைத்திருக்கிறது, அல்லது கூலன்ட் மிகக் குறைவு. தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய பாத்திரத்தில் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தண்ணீர் சூடாகிக்கொண்டே வரும்போது நடுத்தட்டை உற்றுப் பாருங்கள். அதன் விளிம்பில் 82 என்று குத்தியிருந்தால் 82 வாக்கில் ஒரு நகக்கண் அளவு இடைவெளி தெரியும், அப்புறம் தட்டு மெதுவாக இறங்கி நன்றாகத் திறக்கும். தண்ணீர் கொதித்தும் அசையவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். முதல் முறை இதைப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கண் விரியும். மின்சாரம் இல்லாமல், மோட்டார் இல்லாமல், உள்ளே இருக்கும் ஒரு உருண்டை மெழுகு உருகி விரிவதே அந்தக் கதவைத் திறக்கிறது.

ஊசி மேலும் கீழுமாகக் குதித்து, ஹீட்டரில் சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்று வந்தால் சுற்றில் காற்று இருக்கிறது. கூலன்ட் எங்கேயோ குறைகிறது, அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது.

எனக்குப் பயம் தரும் அறிகுறிகள் வேறு. கசிவு எங்கேயும் இல்லை, ஆனால் வாரம் ஒருமுறை கூலன்ட் ஊற்ற வேண்டியிருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை எடுத்த ஒரே நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கிறது. கூலன்ட் டப்பாவில் விடாமல் குமிழ் வருகிறது. புகை வெள்ளையாக, இனிப்பு வாசனையோடு வருகிறது. எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஏடு படிந்திருக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்தால் ஹெட் கேஸ்கட்டைத்தான் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) சந்தேகிக்க வேண்டும். இன்ஜினுக்குள் எரியும் வாயு கூலன்டுக்குள் புகுகிறது. மெக்கானிக்குகளிடம் ஒரு நீலத் திரவச் சோதனை இருக்கிறது, கூலன்ட் டப்பாவின் வாயில் வைத்துக் காற்றை இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்து பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

கடைசியாக, மேட்டில் மட்டும் ஏறி, மேடு முடிந்து சமதளம் வந்ததும் தானாக இறங்குவது. எல்லாப் பாகமும் வேலை செய்கிறது, ஆனால் அவ்வளவு சூட்டையும் வெளியேற்றப் போதவில்லை என்று அர்த்தம். எடை அதிகம், வேகம் அதிகம், கியர் தப்பு, அல்லது ரேடியேட்டர் பாதி மூச்சடைத்திருக்கிறது. ஹில்டனில் நின்றுகொண்டிருந்தவனின் வண்டி இந்த வகை.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டில் பெரிய கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டு முக்க வைத்தால் பம்பும் விஸ்கஸ் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் ஏறும். ஒரு கியர் இறக்கி வேகத்தைக் குறைத்தால் இன்ஜின் சுற்று கூடும், கூலன்டும் காற்றும் கூடுதலாக ஓடும். சத்தம் அதிகமாகக் கேட்பதால் வண்டியை வதைக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். வதைப்பது அந்த முக்கல்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் இன்னொரு விஷயம். மேட்டில் நாலிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நாலு என்று மாறி மாறித் தடுமாறும்போது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் உரசிச் சூடாகிறது. பல வண்டிகளில் அந்த எண்ணெயைக் குளிர்விப்பதும் அதே ரேடியேட்டர்தான். ஆகவே கியர்பாக்ஸ் சூடும் இன்ஜின் சூட்டோடு சேர்ந்துகொள்ளும். டோ மோட் (டிரெய்லர் இழுப்பதற்கான கியர் அமைப்பு) இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கையாலேயே ஒரு கியரில் நிறுத்திவையுங்கள். எரிந்தது எந்த விளக்கு என்றும் கவனியுங்கள். அலையில் மிதக்கும் தெர்மாமீட்டர் படம் கூலன்ட், பல் சக்கரத்துக்குள் தெர்மாமீட்டர் கியர்பாக்ஸ், எண்ணெய்க் கிண்டி இன்ஜின் எண்ணெய் அழுத்தம். கிண்டி எரிந்தால் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

சாலையில் ஏறிவிட்டால்

எண் ஏறத் தொடங்கியதும், சிவப்பு விளக்குக்குக் காத்திருக்காமல், வேகத்தைக் குறையுங்கள், கியரை இறக்குங்கள், ஏசியை அணையுங்கள். அடுத்தது கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஜன்னலைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் வையுங்கள். ஹீட்டர் என்பதே கேபினுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். நீங்கள் வேர்த்துக் கொட்டுவீர்கள், இன்ஜினில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மேட்டின் உச்சி வரை போய்ச்சேர அது போதும் என்ற நேரங்கள் உண்டு.

சிவப்பு விளக்கு எரிந்து அணையாமல் இருந்தாலோ ஆவி வந்தாலோ நிறுத்தியே ஆக வேண்டும். இடதுபுறம் மஞ்சள் கோட்டைத் தாண்டி, வளைவில் இல்லாமல், சமமான இடமாகப் பார்த்து ஒதுங்குங்கள். டிரெய்லர் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ கொடுங்கள். முக்கோணத்தைப் பின்னால் 45 மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அது இங்கே சட்டம். டர்பன்-ஜோகனஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3-யில் லாரிகள் வரும் வேகத்துக்கு நான் இன்னும் தள்ளியே வைப்பேன். பிள்ளைகளை இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள்.

ஆவி, கசிவு ஒன்றும் இல்லை, கூலன்ட் டப்பாவில் அளவு இருக்கிறது என்றால் இன்ஜினை உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் நியூட்ரலில் ஓடவிடலாம், பம்பும் ஃபேனும் சூட்டை வெளியே எடுத்துப்போகும். கூலன்ட் வெளியே கொட்டுகிறது என்றால் அந்த நொடியே அணையுங்கள்.

மூடியைத் திறக்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது. உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தோடு காத்திருக்கும் கூலன்ட், மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாக வெடித்து முகத்துக்கும் கைக்கும் வரும். வெயிட்டை எடுக்காமல் குக்கர் மூடியைத் திறக்க நம் வீட்டில் யாரும் நினைக்க மாட்டார்கள், சாலையில் மட்டும் ஏன் அவசரம்? அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அப்புறம்தான் தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம்.

கிளம்பும் முன்

டர்பனில் பனி ஏது, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூலன்ட் கொதிநிலையைக் கூட்டுகிறது, உள்ளே துரு பிடிக்காமல் காக்கிறது, பம்பின் சீலைக் காக்கிறது. பனியும் நமக்கு எட்டாத விஷயமில்லை, 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் பெய்த பனியில் என்3 மூடிப்போய் ஆட்கள் இரவெல்லாம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கையேட்டில் சொன்ன வகையைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வேறு வேறு வகைகளை ஒன்றாகக் கலந்தால் சில நேரம் கூழாகிக் குழாயை அடைத்துவிடும்.

எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். டிரெய்லரில் இருக்கும் தகட்டில் மொத்த எடை போட்டிருக்கும். அது 750 கிலோவைத் தாண்டினால் சாதாரண பி லைசென்ஸ் போதாது, டிரெய்லரோடு ஓட்டுவதற்கான ஈபி வேண்டும், டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் வேண்டும்.

ஹில்டனில் இருந்தவனிடம் நான் கேட்டவை இவைதான். நிற்கும்போது ஏறியதா? இல்லை. சமதளத்தில்? இல்லை, கேட்டோ ரிட்ஜ் வரை உள்ள மேடுகளில் மட்டும் லேசாக ஏறி இறங்கியதாம். கூலன்ட் குறைந்திருக்கிறதா? ஆறிய பிறகு பார்த்தான், அளவு சரியாக இருந்தது. ஃபேன் இரைச்சல்? கேட்டதாம். "அப்படியானால் முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பார். முன்பக்கம் சுத்தமாக இருந்தால் நம்பாதே."

கொஞ்ச நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு படலம். கருகிய கரும்புச் சோகை, சாம்பல், புல் விதை, பூச்சிச் சிறகு, எல்லாம் ஏசித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து அட்டையாகிக் கிடந்தது. டோங்காட்டில் வெட்டுக் காலத்தில் கரும்புக் காட்டைக் கொளுத்தும்போது கறுப்புச் சோகை பறந்து வந்து கொடியில் காயும் துணியில் விழுவதை அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். மூன்று வருடமாக அது அவன் ரேடியேட்டரிலும் விழுந்திருக்கிறது.

பங்க்கில் ஒரு தோட்டக் குழாய் கிடைத்தது. வண்டி நன்றாக ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவச் சொன்னேன். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். முக்கால் மணி நேரம் கறுப்புத் தண்ணீராகவே வந்ததாம். வாழை மரங்களை இறக்கி, நீட்டாமல் படுக்க வைத்துக் கட்டினான். மேட்டில் 60-க்கு மேல் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மதியம் மெசேஜ் வந்தது. "வான் ரீனன் உச்சி. 101. அதற்கு மேல் போகவில்லை மாமா." ஹில்டன் பங்க்கில் ஒருவரிடம் கடன் வாங்கிப் பார்த்த ஓபிடி ரீடரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டானாம்.